வானத்துக்கு வாக்குரிமை இல்லாத அவை

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் செம்மைப்படுத்திய அச்சு வடிவம். மேடையில் இடையிடையே சொன்ன சில செய்திகள் விடப்பட்டுள்ளன.)



கி.மு. 520ஆம் ஆண்டு டிசம்பரில் எருசலேமில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சியிலிருந்து தொடங்குகிறேன். பாபிலோனியர் இடித்துப்போட்ட கோயிலை மீண்டும் கட்டும் வேலை அப்போதுதான் தொடங்கியிருந்தது. ஆகாய் என்ற இறைவாக்கினருக்கு இறைவனின் வார்த்தை வருகிறது. குருக்களிடம் போய்ச் சட்டம் என்னவென்று கேள் என்கிறது அந்த வார்த்தை. ஆகாய் போய்க் கேட்கிறார். பலியிட்ட புனித இறைச்சியை ஒருவர் தம் ஆடையின் மடியில் கட்டிக்கொண்டு போகிறார். அந்த மடி ரொட்டியிலோ குழம்பிலோ எண்ணெயிலோ பட்டால் அவையும் புனிதமாகுமா? ஆகாது என்கிறார்கள் குருக்கள். பிணத்தைத் தொட்டுத் தீட்டுப்பட்டவர் அவற்றைத் தொட்டால்? அவை தீட்டாகும் என்கிறார்கள். அந்த விடைகளைக் கையில் வாங்கிக்கொண்ட பிறகுதான் ஆகாய் தம் மக்களைக் கண்டிக்கத் தொடங்குகிறார்.

ஆகாய் இறைவனின் வார்த்தையை நேராகக் கேட்பவர். தீட்டு எது, புனிதம் எது என்பதை இறைவனே ஒரு வாக்கியத்தில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. படித்தவர்களிடம் அனுப்பினார். விவிலியத்தின் மிகச் சிறிய நூல்களில் ஒன்றில் வரும் இந்தக் காட்சியைப் பலரும் வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். எனக்கு இன்றைய பேச்சின் விதை இதில்தான் கிடைத்தது.

நான் நெடுங்காலமாகத் தமிழ் விவிலிய மொழிபெயர்ப்புகளின் சொற்களை ஆராய்ந்து வருபவன். எபிரேயத்தில் ‘நவீ’ எனப்படுபவரைத் தமிழில் மூன்று பெயர்களால் அழைக்கிறோம். சீர்திருத்தத் திருச்சபையார் தீர்க்கதரிசி என்பர். கத்தோலிக்கர் இறைவாக்கினர் என்பர். இஸ்லாமியர் நபி என்பர். முதல் சொல் வருவதை முன்னறிபவரைக் காட்டுகிறது. இரண்டாவது சொல் இறைவனின் வாயாக நிற்பவரைக் காட்டுகிறது. மூன்றாவது சொல்லைக் கேட்டதும் மக்களுக்கு வாழ்வுநெறியைக் கொண்டுவந்தவர் நினைவுக்கு வருகிறார். இந்த மூன்று படங்களில் எதை மனத்தில் வைத்துக்கொண்டு யூத மரபுக்குள் நுழைந்தாலும் ஒரு கேள்வியில் இடறுவோம். அன்றாடம் என்ன உண்பது, எப்போது ஓய்வது, எந்தத் திருமணம் செல்லும், எந்தச் சாட்சி செல்லாது என்று வகுக்கும் ‘ஹலாக்கா’ எனும் சமயச் சட்டத்தில் இந்த நவீக்கு என்ன இடம்? ஹலாக்கா என்ற சொல்லின் வேர் நடத்தலைக் குறிக்கும். நடக்கும் வழியைக் காட்ட இறைவாக்கினரை விடத் தகுந்தவர் யார் என்றுதானே நமக்குத் தோன்றும்?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யூத மரபில் சட்டம் இறைவாக்கிலிருந்து பிறந்தது. பிறந்தபின், இறைவாக்கினர் அதில் எதையும் கூட்டவோ குறைக்கவோ கூடாது, வானம் சொன்னதாகச் சொல்லி ஒரு வழக்கைக்கூடத் தீர்க்கக் கூடாது என்று அந்தச் சட்டமே விதித்தது. இப்படி விதித்தவர்கள் இறைவாக்கை உயிரினும் மேலாக மதித்தவர்கள். ‘ஏன்?’ என்று திருப்பிக் கேட்க முடியாத ஓர் அதிகாரத்திடம் மக்களின் அன்றாட வாழ்வை ஒப்படைக்கக் கூடாது என்று அவர்கள் முடிவு செய்தார்கள். அந்த முடிவுக்கு விலையும் கொடுத்தார்கள்.

1. மோசே கேட்டார், பின்வந்தவர்கள் கேட்கக் கூடாது

பாலைவனப் பயணத்தில் மோசேக்கு விடை தெரியாத வழக்குகள் நான்கு வந்ததாக, மோசேயின் ஐந்நூல்களான தோரா சொல்கிறது. இறைப்பெயரை இகழ்ந்தவன் ஒருவன்; ஓய்வுநாளில் விறகு பொறுக்கியவன் ஒருவன்; தீட்டுப்பட்டிருந்ததால் பாஸ்காவைக் கொண்டாட முடியாமற்போனவர்கள் சிலர்; ஆண் வாரிசு இல்லாமல் இறந்த செலொப்பியாத்தின் ஐந்து மகள்கள், தந்தையின் பங்கு எங்களுக்கு வேண்டும் என்று கேட்டு நின்றவர்கள். நான்கு முறையும் மோசே, பொறுங்கள், கேட்டுச் சொல்கிறேன் என்று இறைவனிடம் போகிறார். விடை வருகிறது. மகள்களுக்குப் பங்கு உண்டு என்ற சட்டம் அப்படித்தான் வந்தது.

இதற்கு நேர் எதிரான ஒரு கதையை, யூத அறிஞர்களின் சட்ட விவாதத் தொகுப்பான தல்மூத் சொல்கிறது. மோசே இறந்த துக்க நாள்களில் மூவாயிரம் சட்டங்கள் மறந்துபோயினவாம். மக்கள் மோசேயின் வாரிசான யோசுவாவிடம் போய், இறைவனிடம் கேளும் என்கிறார்கள். தோரா இப்போது வானத்தில் இல்லை என்று யோசுவா மறுத்துவிடுகிறார். பின்னாளில் சாமுவேலிடம் கேட்கிறார்கள். கட்டளைகள் கொடுத்து முடிந்துவிட்டன, இனி எந்த இறைவாக்கினருக்கும் புதிதாக ஒன்றைச் சொல்ல உரிமையில்லை என்று அவரும் மறுக்கிறார். அப்படியானால் மறந்துபோன சட்டங்கள் என்னவாயின? ஒத்னியேல் என்பவர் தம் அறிவுக்கூர்மையால், ஒன்றிலிருந்து ஒன்றை ஊகித்து, அவற்றை மீட்டார் என்று கதை முடிகிறது.

இது வரலாறு என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் கதையைச் சொன்னவர்களின் மனம் இதில் தெளிவாகத் தெரிகிறது. யோசுவாவோடும் சாமுவேலோடும் இறைவன் பேசினார் என்பதில் அவர்களுக்கு ஐயமே இல்லை. ஒரு வார்த்தை கேட்டால் கிடைத்துவிடும். கிடைக்கும் என்று தெரிந்தே கேட்க மறுத்தார்கள் என்பதுதான் கதை. வானத்தில் கேட்டு வாங்கிய சட்டத்தை அடுத்த தலைமுறை மறந்தால் மறுபடி வானத்தைத்தான் அண்ணாந்து பார்க்க வேண்டும். ஒத்னியேல் மீட்ட முறையை யாரும் கற்றுக்கொள்ளலாம், சரிபார்க்கலாம், தவறென்றால் மறுக்கலாம்.

2. அற்புதம் சான்றாகாது

இணைச்சட்ட நூலின் 13ஆம் அதிகாரம் ஓர் அச்சமூட்டும் வழக்கை முன்வைக்கிறது. ஓர் இறைவாக்கினர் எழுகிறார். ஓர் அடையாளம் காட்டுகிறார். அவர் சொன்னபடியே அது நடந்தும் விடுகிறது. பிறகு அவர் வேறு தெய்வங்களைப் பின்பற்ற அழைக்கிறார். கேட்காதீர்கள் என்கிறது நூல். அடையாளம் பொய் என்று அது சொல்லவில்லை. அடையாளம் பலித்தது, ஆனாலும் கேட்காதீர்கள் என்கிறது.

இதற்கு ஆழமான விளக்கம் தந்தவர் கொர்தோபாவில் பிறந்து 1204இல் எகிப்தில் மறைந்த மைமோனிடீஸ். மோசேயை இஸ்ரயேலர் நம்பியது அவர் செய்த அற்புதங்களுக்காக அன்று என்கிறார் அவர். அற்புதத்தைப் பார்த்து நம்புபவரின் உள்ளத்தில் எப்போதும் ஓர் ஐயம் ஒட்டிக்கொண்டிருக்கும். மந்திரமாக இருக்குமோ, கண்கட்டாக இருக்குமோ என்று. சீனாய் மலையில் மக்கள் கூட்டம் முழுவதும் நேரில் கண்டது, கேட்டது. மோசேயின் தகுதிக்கு அதுதான் அடிப்படை. அப்படியானால் பின்வந்த இறைவாக்கினர்களை எதற்காக நம்ப வேண்டும்? நம்பும்படி மோசேயின் சட்டம் சொல்வதால். நீதிமன்றத்தில் இரண்டு சாட்சிகள் சொன்னால் ஏற்கிறோம். அவர்கள் உள்ளத்தை நாம் அறியோம், பொய்கூடச் சொல்லலாம், ஆனாலும் சட்டம் ஏற்கச் சொல்வதால் ஏற்கிறோம். இறைவாக்கினரின் அடையாளமும் அதைப் போன்றதுதான் என்கிறார்.

எனக்கு இந்த வாதம் படிக்கும்போதெல்லாம் வியப்பைத் தருகிறது. இறைவாக்கினருக்கு அதிகாரம் கொடுப்பதே சட்டம். அந்தச் சட்டத்தை மாற்றச் சொல்லும் நொடியில் அவர் தம்மை ஏற்கச் சொன்ன ஆவணத்தையே கிழித்துப் போடுகிறார். ஆகவே அவரை நம்ப இனிக் காரணமில்லை. எத்தனை அடையாளம் காட்டினாலும் இல்லை.

இங்கே வரலாற்றாசிரியர்களின் பார்வையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஏறத்தாழ கி.மு. 622இல், யோசியா அரசர் காலத்தில், எருசலேம் கோயிலில் ஒரு சட்டநூல் கண்டெடுக்கப்பட்டது. அது இணைச்சட்ட நூலின் மூலவடிவம் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. நூல் கிடைத்ததும் அரசர் யாரிடம் ஆளனுப்பினார் தெரியுமா? உல்தாள் என்ற பெண் இறைவாக்கினரிடம். நூலில் உள்ள எச்சரிக்கை மெய்யானது என்று அவர் உறுதி சொன்னார். இறைவாக்கினருக்கு எல்லை வகுத்த நூல், ஓர் இறைவாக்கினரின் ஒப்புதலோடுதான் அரசவைக்குள் நுழைந்தது. ஆனால் உல்தாள் அதன் ஒரு விதிக்கும் பொருள் கூறவில்லை. புதிய விதி சேர்க்கவும் இல்லை. நூல் மெய் என்றதோடு நிறுத்திக்கொண்டார்.

3. ஒரு வேளைக்கு மீறலாம், என்றைக்கும் மாற்றக் கூடாது

அப்படியானால் இறைவாக்கினருக்குச் சட்டத்தின்மீது எந்த அதிகாரமும் இல்லையா? உண்டு. கர்மேல் மலையில் எலியா பலிபீடம் கட்டிப் பலியிட்டார். எருசலேம் கோயில் இருக்கும்போது அதற்கு வெளியே பலியிடுவது பெருங்குற்றம். எலியா குற்றவாளியா? இல்லை என்கிறது தல்மூத். அது அந்த வேளைக்கான ஆணை. பாகால் என்ற தெய்வத்தின் பக்கம் சாய்ந்த மக்களைத் திருப்பிக் கொண்டுவர ஒரு நாள் மட்டும் விதி விலக்கப்பட்டது. அன்று எலியாவிடம் போய், இனிமேல் கர்மேலில் பலியிடலாமா என்று யாராவது கேட்டிருந்தால், கூடவே கூடாது என்றுதான் அவர் சொல்லியிருப்பார் என்கிறார் மைமோனிடீஸ். இந்த ஒரு வேளை மீறலுக்கும் ஒரு வரம்பு உண்டு. சிலை வழிபாட்டை ஒரு கணத்துக்குக்கூட எந்த இறைவாக்கினரும் அனுமதிக்க முடியாது.

எலியாவைப் பற்றி இன்னொரு சிறு விவாதமும் உண்டு. பிள்ளையில்லாமல் இறந்தவனின் மனைவி, கணவனின் சகோதரனின் காலணியைக் கழற்றி அவனிடமிருந்து விடுபடும் ஒரு சடங்கு இருக்கிறது. அதற்குச் செருப்பு உதவாது என்று எலியாவே இறங்கிவந்து சொன்னாலும் கேட்கக் கூடாது என்கிறது தல்மூத். ஏனென்றால் மக்கள் ஏற்கெனவே செருப்பை வைத்து அந்தச் சடங்கைச் செய்துவருகிறார்கள். நெருப்புத் தேரில் வானேறியவரின் சொல், ஊர்வழக்கத்தின் முன்னால் நிற்கவில்லை.

எழுதப்பட்ட இறைவாக்கும் இதே தராசில் ஏறியது. எசேக்கியேல் நூலின் இறுதிப் பகுதியில் வரும் கோயில் விதிகள் தோராவோடு பொருந்தவில்லை. அமாவாசைக்கு அடுத்த புதுப்பிறை நாளுக்கு எண்ணாகமம் இரண்டு இளங்காளைகளையும் ஏழு ஆட்டுக்குட்டிகளையும் கேட்கிறது. எசேக்கியேல் ஒரு காளையும் ஆறு குட்டிகளும் என்கிறார். இதனால் அந்த நூலையே ஒதுக்கிவைக்க எண்ணினார்கள் என்கிறது தல்மூத். அனனியா பென் எசேக்கியா என்ற அறிஞர் முந்நூறு அளவை விளக்கெண்ணெயை மாடியறைக்கு ஏற்றிவைத்துக்கொண்டு, முரண்களைத் தீர்க்கும்வரை இறங்காமல் உட்கார்ந்து நூலைக் காப்பாற்றினார். தோராவைத் திருத்தலாம் என்று அவருக்கு ஒரு நொடியும் தோன்றவில்லை. இறைவாக்கினரின் நூல்தான் தன் நியாயத்தை நிறுவ வேண்டியிருந்தது. அதற்காக ஒரு மனிதர் கண்விழித்தார்.

4. அகினாயின் அடுப்பு

இந்தப் பொருளில் யூத மரபு சொன்ன கதைகளில் தலையாயதற்கு வருகிறேன். அகினாயின் அடுப்பு எனப்படும் ஓர் அடுப்பு. வளையம் வளையமாக வெட்டி, இடையிடையே மணல் வைத்து அடுக்கப்பட்டது. அது முழுப் பாத்திரமா, உடைந்த துண்டுகளா? முழுமை என்றால் தீட்டுப்படும். துண்டுகள் என்றால் படாது. தீட்டுப்படாது என்றார் ரபி எலியேசர். தீட்டுப்படும் என்றார்கள் மற்ற அறிஞர்கள் எல்லோரும்.

எலியேசர் உலகிலுள்ள காரணங்கள் அனைத்தையும் சொல்லிப் பார்த்தார். ஏற்கவில்லை. சட்டம் என் பக்கம் என்றால் இந்தக் கரோப் மரம் காட்டட்டும் என்றார். மரம் வேரோடு பெயர்ந்து நூறு முழம் தள்ளிப்போய் நின்றது. மரத்திலிருந்து சான்று கொண்டுவரக் கூடாது என்றார்கள். ஓடை பின்னோக்கி ஓடியது, அதையும் ஏற்கவில்லை. கல்விக்கூடத்தின் சுவர்கள் சாய்ந்தன. அறிஞர்கள் ஒருவரோடொருவர் சட்டம் பேசும்போது உங்களுக்கு இங்கே என்ன வேலை என்று ரபி யோசுவா சுவர்களை அதட்டினார். அவருக்கு மரியாதையாகச் சுவர்கள் விழவில்லை. எலியேசருக்கு மரியாதையாக நிமிரவும் இல்லை. கடைசியில் அசரீரி எழுந்தது: எல்லா இடத்திலும் சட்டம் எலியேசர் சொல்வதுதானே, ஏன் அவரோடு வாதாடுகிறீர்கள் என்று. யோசுவா எழுந்து நின்று, தோரா வானத்தில் இல்லை என்றார். பின்னாளில் ரபி எரேமியா அதற்குப் பொருள் சொன்னார். தோரா சீனாயில் கொடுக்கப்பட்டுவிட்டது. பெரும்பான்மையைப் பின்பற்று என்று அதிலேயே எழுதியாகிவிட்டது. இனி அசரீரிக்குச் செவிகொடுப்பதில்லை.

பிறகு எலியாவைச் சந்தித்த ரபி நாத்தான், அந்த வேளையில் இறைவன் என்ன செய்தார் என்று கேட்டாராம். சிரித்தார், என் பிள்ளைகள் என்னை வென்றுவிட்டார்கள் என்றார் என்று எலியா சொன்னாராம்.

நமக்கு உடனே நக்கீரர் நினைவுக்கு வருவார். சொக்கநாதரின் பாட்டிலேயே குற்றம் கண்டவர் அவர். ஆனால் நக்கீரர் நெற்றிக்கண்ணின் வெம்மை தாங்காமல் பொற்றாமரைக் குளத்தில் விழுந்து, பிறகு இறைவனைப் பாடியே கரையேறினார். யோசுவாவுக்கு அந்த நிலை வரவில்லை. அடுப்புக் கதையில் பணிந்தது வானம்.

பெரும்பாலோர் கதையை இந்தச் சிரிப்போடு நிறுத்திவிடுகிறார்கள். தல்மூத் நிறுத்தவில்லை. நான் இங்கே கொஞ்சம் நின்று பேச விரும்புகிறேன். எலியேசர் தூயவை என்று சொன்ன பொருள்களையெல்லாம் அன்றே கொண்டுவந்து எரித்தார்கள். அவரையும் விலக்கிவைத்தார்கள். செய்தியைச் சொல்ல அவருடைய மாணவர் ரபி அக்கீவா போனார். கறுப்பு உடுத்தி, நான்கு முழம் தள்ளி உட்கார்ந்தார். இன்று என்ன வேறுபாடு என்று ஆசிரியர் கேட்டார். தோழர்கள் உம்மைவிட்டு விலகியிருப்பதாகத் தோன்றுகிறது என்றார் மாணவர். எலியேசர் ஆடையைக் கிழித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். கண்ணீர் வழிந்தது. ஒலிவமும் கோதுமையும் வாற்கோதுமையும் மூன்றில் ஒரு பங்கு அழிந்தன. அவைத்தலைவர் கமாலியேல் கப்பலில் போகும்போது பேரலை எழுந்தது. என் பெருமைக்காகவோ என் தந்தை வீட்டுப் பெருமைக்காகவோ இதைச் செய்யவில்லை, இஸ்ரயேலில் பிளவுகள் பெருகக் கூடாது என்பதற்காகவே செய்தேன் என்று அவர் மன்றாட, கடல் அடங்கியது. ஆனால் எலியேசரின் மனைவி இம்மா சாலோம் அந்தக் கமாலியேலின் தங்கை. கணவர் முகங்குப்புற விழுந்து இறைஞ்சினால் அண்ணனின் உயிர் போய்விடும் என்று அஞ்சி, நாள்தோறும் அவரைத் தடுத்துவந்தார். ஒரு நாள் தவறியது. அன்றே கமாலியேல் இறந்தார்.

இந்தக் கதை தல்மூதில் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பான்மை பற்றியோ தீர்ப்பு முறை பற்றியோ பேசும் இடத்தில் அது இல்லை. சொல்லால் பிறரைப் புண்படுத்துவது பற்றிய விவாதத்தின் நடுவில் இருக்கிறது. தொகுத்தவர்கள் இரண்டையும் சேர்த்தே சொல்கிறார்கள் என்று நான் வாசிக்கிறேன். தீர்ப்பு சரி, யோசுவா சொன்னது சட்டமாக நிலைக்கும். ஆனால் தோற்றவரை நடத்திய விதம் தவறு. அவருடைய கண்ணீருக்கு வானத்தின் கதவு திறந்தே இருந்தது. சட்டத்தில் வாக்குரிமை இல்லாத வானம், அவமானப்பட்ட மனிதனின் அழுகையைக் கேட்பதில் ஒரு குறையும் வைக்கவில்லை.

5. எதிர்ச் சான்றுகள்

என் கருத்துக்கு எதிராக நிற்பவற்றை மறைத்தால் இந்த மேடைக்கு நேர்மை செய்தவனாக மாட்டேன்.

முதலாவது, அதே தல்மூதில் ஓர் அசரீரி வென்றிருக்கிறது. சம்மாய் என்ற ஆசானின் பள்ளியாரும் இல்லேல் என்ற ஆசானின் பள்ளியாரும் மூன்று ஆண்டுகள் வாதிட்டார்கள். இரு சாராரின் சொற்களும் வாழும் இறைவனின் சொற்களே, ஆனால் சட்டம் இல்லேல் பள்ளியின் வழி என்று அசரீரி முடித்துவைத்தது. பின்வந்த உரையாசிரியர்கள் இந்த முரணை எப்படியெல்லாமோ சரிசெய்யப் பார்த்தார்கள். என்னைக் கவர்வது, அந்த இடத்திலேயே தல்மூத் கேட்கும் அடுத்த கேள்வி: இல்லேல் பள்ளிக்கு அந்தத் தகுதி எதனால் வந்தது? அவர்கள் மென்மையானவர்கள், தங்கள் கருத்தோடு எதிர்ப்பள்ளியின் கருத்தையும் கற்பித்தார்கள், அதையே முதலில் சொன்னார்கள். வானம் சொன்னதற்கும் காரணம் கேட்கிறார்கள்! எதிராளியின் வாதத்தை முதலில் சொல்பவர்கள் என்பதே அந்தக் காரணம்.

இரண்டாவது, 1141இல் மறைந்த கவிஞர் யூதா அலேவி தம் ‘கூசாரி’ நூலில், கூட்டவோ குறைக்கவோ கூடாது என்ற தடை பொதுமக்களுக்குத்தான், கோயிலும் இறைப்பிரசன்னமும் இருந்த காலத்தில் இறைவாக்கினரும் குருக்களும் நீதிபதிகளும் சேர்த்தவை செல்லும் என்று வாதிட்டார். மைமோனிடீஸின் நிலை இதற்கு முற்றிலும் மாறானது. தல்மூதின் அடித்தளமான மிஷ்னா என்ற சட்டநூலுக்கு 1168இல் எழுதி முடித்த உரையின் முன்னுரையில் அவர் ஒரு கணக்கைச் சொல்கிறார்: எலியா, எலிசா போன்ற ஆயிரம் இறைவாக்கினர் ஒரு பக்கம், ஆயிரத்தொரு அறிஞர் மறுபக்கம், சட்டம் ஆயிரத்தொருவர் பக்கம்தான். இறைவாக்கினரும் அந்த அவையில் ஓர் அறிஞராகவே எண்ணப்படுவார்; அவருக்கும் ஒரே வாக்குதான்.

மூன்றாவது, பிரான்சின் தென்பகுதியில் போஸ்கியரில் வாழ்ந்த ரபி ஆபிரகாம் பென் தாவீது, மைமோனிடீஸின் நூலுக்கு எழுதிய மறுப்புக் குறிப்பொன்றில், எங்கள் கல்விக்கூடத்தில் தூய ஆவி தோன்றிவிட்டது என்கிறார். எந்தப் பெரிய சிக்கலுக்கு? விழாவில் ஏந்தும் மிர்ட்டல் கொம்பின் நுனி ஒடிந்திருந்தால் செல்லுமா என்பதற்கு. அதே நாட்டில் மார்வேஜ் ஊர் ரபி யாக்கோபு கனவில் கேள்வி கேட்டு விடை பெற்றதாகச் சொல்லி ஒரு தொகுப்பே விட்டுச்சென்றார்.

நான்காவது சான்றுதான் எனக்கு மிகவும் அரியது. சாபேத் நகரில் வாழ்ந்து 1575இல் மறைந்த யோசேப்பு காரோ, இன்றும் யூதர்கள் கையில் வைத்திருக்கும் ‘சூல்கான் அரூக்’ சட்டத்தொகுப்பைச் செய்தவர். அவருக்குள் ஒரு வானவரின் குரல் பேசிவந்தது. பல ஆண்டுகள் அதன் சொற்களைக் குறித்துவைத்தார். அந்த நாட்குறிப்பு இன்றும் இருக்கிறது. அத்தகையவர் சட்டங்களை எப்படித் தீர்மானித்தார்? அல்பாசி, மைமோனிடீஸ், ஆசேர் பென் எகியேல் என்ற மூன்று முன்னோரை எடுத்துக்கொண்டார். மூவரில் இருவர் ஒத்தால் அதுவே சட்டம் என்று பொதுவிதி வைத்தார். குரல் கேட்கும் மனிதர், தலை எண்ணித் தீர்ப்பளித்தார். நீ தீயில் மாண்டு சாட்சி பகர்வாய் என்று அந்தக் குரல் அவருக்குச் சொல்லியிருந்தது. அவர் 87ஆம் வயதில் இயல்பாகவே இறந்தார்.

ஆக, வானத்தோடு தொடர்பு அறுந்துபோயிற்று என்று அவர்கள் நினைக்கவில்லை. காரோவைப் போலத் தொடர்பு உள்ளவர்களே சட்டத்தின் வாசலில் அதைக் கழற்றிவைத்துவிட்டு உள்ளே வந்தார்கள். நம் அண்டையிலும் இந்த முறைதான் நடந்தது. 16ஆம் நூற்றாண்டில் கொச்சி யூதர்களுக்குள் யார் யாரை மணக்கலாம் என்று வழக்கு முற்றியபோது, கடல் கடந்து கெய்ரோவிலிருந்த தாவீது இப்னு சிம்ரா என்ற அறிஞருக்குத்தான் எழுதிக் கேட்டார்கள்.

6. கோடு தாண்டப்பட்ட ஆண்டு

1665இல் காசாவைச் சேர்ந்த நாத்தான் என்ற இளைஞர், ஸ்மிர்னாவில் பிறந்த சபத்தாய் செவிதான் மெசியா என்று இறைவாக்கு உரைத்தார். யேமன் முதல் ஆம்ஸ்டர்டாம் வரை மக்கள் நம்பினார்கள். சொத்தை விற்றுப் பயணத்துக்கு மூட்டை கட்டினார்கள். கோயில் இடிந்த துக்கத்துக்காக நோற்கும் நோன்புகள் ஒவ்வொன்றாக ஒழிக்கப்பட்டன. 1666இல் யூத நாட்காட்டியின் ஆவ் மாதம் ஒன்பதாம் நாள், ஆண்டின் பெருந்துக்க நாள், பல ஊர்களில் விருந்து நாளாகக் கொண்டாடப்பட்டது. அது சபத்தாயின் பிறந்தநாள் என்று சொல்லப்பட்டது. விலக்கப்பட்டதை அனுமதிப்பவரே என்று இறைவனை வாழ்த்தும் புது வாழ்த்தும் அவர் வாயில் பிறந்தது.

அப்போது ஆம்பர்க்கில் இருந்த ரபி யாக்கோபு சஸ்போர்த்தாஸ் ஊர் ஊராகக் கடிதம் எழுதினார். மைமோனிடீஸ் வகுத்த அடையாளங்கள் எதுவும் நிறைவேறவில்லையே, எந்தச் சட்டப்படி நோன்பை எடுத்தீர்கள் என்று கேட்டார். அவரைப் பலர் வசைபாடினார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் சபத்தாய் உஸ்மானியச் சுல்தானின் முன்னிலையில் இஸ்லாத்தைத் தழுவினார். விற்ற வீடுகள் திரும்பவில்லை. நம்பிய குடும்பங்கள் பல தலைமுறைகளுக்கு ஒருவரையொருவர் ஐயத்தோடு பார்த்தன.

ஏமாந்தவர்களை நான் குறை கூறமாட்டேன். 1648 முதல் உக்ரைனில் நடந்த படுகொலைகளின் செய்தி அவர்கள் காதில் இன்னும் ஒலித்துக்கொண்டிருந்தது. விடியலுக்கு ஏங்கியவர்கள் அவர்கள். ஆனால் நாத்தானின் சொல்லுக்கு ஆதாரம் கேட்க ஒரு முறை அவர்கள் கையிலேயே இருந்தது. அந்த முறையைப் பிடித்து நின்றவர் சிலரே.

7. நோன்பைப் பற்றி ஒரு பழைய கேள்வி

இறைவாக்கினருக்கு மிஞ்சியது என்ன என்று கேட்பீர்கள். அதற்கும் ஆகாயின் காலத்துக்கே திரும்புகிறேன். கி.மு. 518இல், அதே டிசம்பர் மாதத்தில், ஒரு தூதுக்குழு எருசலேமுக்கு வந்தது. கோயில் எழும்பிக்கொண்டிருக்கிறது, அது இடிந்ததற்காக இத்தனை ஆண்டுகளாக ஐந்தாம் மாதத்தில் அழுது நோன்பிருந்தோமே, இன்னும் இருக்க வேண்டுமா என்று குருக்களையும் இறைவாக்கினரையும் கேட்டது. ஐந்தாம் மாதம் என்பது ஆவ் மாதம்தான்.

விடை சொன்னவர் சகரியா. நோன்பு உண்டா, இல்லையா என்று அவர் நேராகச் சொல்லவில்லை. இத்தனை ஆண்டும் யாருக்காக நோன்பிருந்தீர்கள் என்று திருப்பிக் கேட்டார். உண்மையாகத் தீர்ப்புச் செய்யுங்கள். கைம்பெண்ணையும் அனாதையையும் அயலானையும் ஏழையையும் ஒடுக்காதீர்கள் என்றார். ஒரு நாள் இந்த நோன்புகள் மகிழ்ச்சியாக மாறும், ஆகவே உண்மையையும் அமைதியையும் விரும்புங்கள் என்று முடித்தார். தல்மூத் அறிஞர்கள் அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டு சட்டமாக்கினார்கள்: அமைதி நிலவும் காலத்தில் மகிழ்ச்சி, துன்புறுத்தல் உள்ள காலத்தில் நோன்பு, இரண்டும் இல்லாத காலத்தில் மக்களின் விருப்பம். ஒன்பதாம் ஆவை மட்டும், அந்நாளில் துயரங்கள் அடுக்கியதால், விருப்பத்துக்கு விடவில்லை.

நாத்தானின் சொல்லும் சகரியாவின் சொல்லும் தொட்டது ஒரே நோன்பை. ஒருவரின் சொல்லை நம்பியவர்கள் அதை நீக்கினார்கள். மற்றவர் நோன்பிருப்பவனின் கையை, அடுத்த வீட்டுக் கைம்பெண்ணிடம் அவன் நடந்துகொண்ட விதத்தைச் சுட்டிக்காட்டினார். எப்போது நோன்பு, எப்படி நோன்பு என்று வகுக்கும் வேலையை அறிஞர்களுக்கு விட்டுவிட்டார்.

எசாயாவையோ ஆமோசையோ சகரியாவையோ அடுத்த முறை கையில் எடுக்கும் மாணவ நண்பர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். பலியையும் விழாவையும் சாடும் அந்த வரிகளைச் சட்டத்தை ஒழிக்க வந்த வரிகளாக வாசிக்காதீர்கள். அந்தச் சட்டத்தின்படி நடந்தவர்கள்தாம் அவ்வரிகளைப் படியெடுத்துக் காத்தார்கள். ஒன்பதாம் ஆவுக்கு முந்தைய ஓய்வுநாளில், தங்களைக் கடிந்துகொள்ளும் எசாயாவின் முதல் அதிகாரத்தைத் தொழுகைக்கூடங்களில் உரக்க வாசிக்கிறார்கள். பிறகு ஒன்பதாம் நாள் வருகிறது. நோன்பிருக்கிறார்கள்.